பன்னிரண்டு மீட்டர்

என் மாப்பிள்ளைக்கு நான் மனதுக்குள் வைத்திருக்கும் பெயர் 'அப்புறம்'. குழாய் ஒழுகுகிறது என்றாலும், வண்டி டயர் தேய்ந்துவிட்டது என்றாலும், "அப்புறம் பாத்துக்கலாம் மாமா" என்பார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை அவருக்கு. அடுத்தவர் பார்வையைச் சரிசெய்து அனுப்புகிறவருக்குத் தன் காலடியில் கிடக்கிற செருப்பு தெரியாது. இவரிடம் என் மகளுக்கு என்ன பிடித்தது என்று இரண்டு வருடமாக யோசிக்கிறேன். தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு யோசிக்க நேரம் நிறையக் கிடைக்கும்.

நான் பயந்த சுபாவம். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. நாற்காலி போட்டு ஏறி பல்பு மாற்றினாலே கால் நடுங்கும். அதிலும் எனக்கு இருப்பது ஒன்றே ஒன்று, கண்ணே கண்ணு. அவள் அம்மா போனபோது அவளுக்குப் பதிமூன்று வயது. அன்றிலிருந்து அவள் தெருமுனைக் கடைக்குப் போனாலும், திரும்பி வரும்வரை என் தையல் நேராக ஓடாது. அப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்த பெண், பல் டாக்டராகி, வாரமெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் பார்த்துவிட்டு, லீவு கிடைத்தால் பாறையில் தொங்கப் போகிறாள். கற்றுக்கொடுத்தது நம்ம 'அப்புறம்'தான். அவரை எனக்குப் பிடிக்காமல் போக அது ஒன்றே போதும்.

"ஒரு தடவ கூட வந்து பாருங்கப்பா, பயம் தானா போயிடும்" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். போகாமல் வீட்டில் இருந்தாலும் பயம், போய்ப் பார்த்தாலும் பயம். கண்ணால் பார்க்கிற பயம் பரவாயில்லை என்று கிளம்பினேன்.

அதற்கு முன் கயிற்றைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

மூன்று மாதத்துக்கு முன்பு அவர்கள் வீடு மாற்றினார்கள். பழைய வீட்டில் இடம் போதாது என்று பாறை ஏறுகிற சாமான்களை எல்லாம் என் கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில்தான் வைத்திருந்தார்கள். மாற்றுகிற அன்று அவர்கள் முன்னால் போய்விட்டார்கள். நான் கொடுத்த பீரோவும் கட்டிலும் குட்டி லாரியில் ஏறி நிற்கின்றன. டிரைவர் கொண்டுவந்த கயிறு இழுத்த இழுப்பில் அறுந்துவிட்டது. எனக்குப் பின்னறைச் சாமான்களில் இருந்த கயிற்றுப் பை ஞாபகம் வந்தது. திறந்து பார்த்தால் நீல நிறத்தில் விரல் கனத்துக்கு நல்ல கயிறு, அறுபது மீட்டர் என்று சீட்டு. அதன் ஒரு நுனிப் பக்கம் அழுக்கேறிப் பிசிறடித்துப் போயிருந்தது. எப்படியும் ஒருநாள் வெட்ட வேண்டிய பாகம்தானே என்று, வெட்டுமேசை ஓரத்தில் வைத்து அளந்து, பன்னிரண்டு மீட்டர் கத்தரித்தேன். வெட்டிய வாய் பிரியக்கூடாதே என்று, நைலான் நாடாவுக்குச் செய்வதுபோல மெழுகுவத்தித் தீயில் காட்டி, ஈரத் துணியால் உருட்டிவிட்டேன். கம்பெனியிலிருந்து வந்தது மாதிரியே இருந்தது. முப்பத்தைந்து வருடக் கை இல்லையா, எனக்கே பெருமையாக இருந்தது.

அறுபதில் பன்னிரண்டு போனால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். தையல்காரனிடம் துணி கொடுக்கிறவர்கள்தான் மிச்சம் எங்கே என்று கேட்பார்கள். பீரோ போய் இறங்கியதும், அழுக்கில் நீலமே தெரியாத அந்தத் துண்டைப் பார்த்து, "ஏதுப்பா இந்தக் கயிறு?" என்று மகள் கேட்டாள். கடையில் இருந்தது என்றேன். அது பொய்யும் இல்லை. விவரத்தை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஆமாம், அதே வார்த்தைதான். பிறகு எனக்கு மறந்தே போனது. வீடு மாற்றிய அலைச்சலில் அவர்களும் மூன்று மாதம் பாறைப் பக்கம் போகவில்லை.

அந்தக் கடற்கரைக்குச் சாலை கிடையாது. படகுத்துறையிலிருந்து அரைமணி நேரம் படகில் போக வேண்டும். ஒவ்வொரு அலைக்கும் படகின் முன்பக்கம் ஏறி ஏறி விழுந்தது. நான் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு, எதிரே இருந்த பையனின் சட்டைப் பொத்தான்களை எண்ணிக்கொண்டு போனேன். படகில் பாதிப் பேர் அலையில் சறுக்குகிற அலைப்பலகையோடும், பாதிப் பேர் கயிற்றுப் பையோடும் வந்திருந்தார்கள். ஒருவர் முகத்திலும் பயம் இல்லை. எல்லோருக்கும் சேர்த்து நான் ஒருவனே பயப்பட வேண்டியிருந்தது.

ஒரு முனை திரும்பியதும் அந்த இடம் வந்தது. அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. மூன்று பக்கமும் வெள்ளையும் மஞ்சளுமாகச் செங்குத்துப் பாறை, நடுவில் பிறை மாதிரி மணல். இடது கைப் பக்கம் அலை உருண்டு வருகிறது, அங்கேதான் பலகைக்காரர்கள். வலது கைப் பக்கம் பாறை முன்னால் சாய்ந்து நிற்கிறது, அங்கே ஏறுகிறவர்கள். வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன். கடல் மட்டும்தான் இருந்தது. இங்கே ஒருவருக்கு ஏதாவது ஆனால் எப்படித் தூக்கிக்கொண்டு போவது என்ற நினைப்பு வந்தது. மாப்பிள்ளையிடம் கேட்டேன். நல்லவேளையாக அவர் 'அப்புறம்' என்று சொல்லவில்லை. படகுதான் மாமா, வேறு வழியில்லை என்றார். அதற்கு அந்த வார்த்தையே தேவலை.

மணலின் இடது ஓரத்தில் ஒரு கொட்டகை இருந்தது. அலைப்பலகை வாடகைக்கு விடுகிற ஒரு பெண்மணி அங்கேயே டீயும் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் நாலு மணிக்குப் படகு வரும், அதற்குள் கடல் ஏறி வலது பக்கப் பாறையின் அடி மணலை மூடிவிடும், மூன்றரைக்கெல்லாம் இந்தப் பக்கம் வந்துவிடுங்கள் என்று அவர்தான் சொன்னார். அப்போது மணி இரண்டு.

மகள் இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டாள். இந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது: ஏறுகிறவர் கட்டியதைக் கீழே நின்று கயிறு பிடிக்கிறவர் தொட்டுப் பார்க்க வேண்டும், பிடிக்கிறவர் கட்டியதை ஏறுகிறவர் தொட்டுப் பார்க்க வேண்டும். இருவரும் ஒருவர் இடுப்பை ஒருவர் இழுத்து, கொக்கியை அசைத்து, முடிச்சைத் திருப்பிப் பார்த்தார்கள். டெலிவரிக்கு முன் நான் ஒவ்வொரு பொத்தானையும் இழுத்துப் பார்ப்பேன், அந்த மாதிரி. இது ஒன்றையாவது ஒழுங்காகச் செய்கிறாரே என்று எனக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது. அவர்கள் பார்க்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான்: மாப்பிள்ளை பக்கத்துக் கயிற்று நுனி. அதில் ஒரு முடிச்சுப் போட்டு வைப்பார்களாம், கயிறு தீர்ந்தாலும் கையை விட்டுப் போகாமல் இருக்க. சொந்தக் கயிறு, எத்தனையோ தடவை ஏறிய அதே பாறை, அளவு மனப்பாடம் என்பதால் அன்று போடவில்லை. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவள் ஏறினாள். போகிற வழியில் பாறையில் முன்பே அடித்து வைத்திருக்கிற போல்ட்டுகளில் கொக்கி மாட்டி, அதற்குள் கயிற்றைப் போட்டுக்கொண்டே போனாள். உச்சியில் இரண்டு வளையம் இருக்கிறது, அதில் கயிற்றைக் கோத்துவிட்டால் கீழே இருப்பவர் விட விட அவள் இறங்குவாள், கிணற்று வாளி மாதிரி. இதையெல்லாம் மாப்பிள்ளை அண்ணாந்தபடியே விளக்கினார். அவர் பேசும்போதும் அவள் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

என் கழுத்து வலித்தது. அவள் காலடியில் வெறும் காற்று. ஒரு கையை எடுத்து இடுப்புப் பையில் விட்டு வெள்ளைப் பொடியைத் தடவிக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. எதையாவது கேட்க வேண்டும் என்று, கயிறு போதுமா என்று கேட்டேன்.

"இருபத்தெட்டு மீட்டர்தான் மாமா, கயிறு அறுபது. நடுவுல கறுப்பா ஒரு குறி இருக்கும். அது என் கைக்கு வர்றதுக்குள்ள அவ மேல போய்ச் சேந்துட்டா, எறங்க கயிறு தாராளம்."

நியாயமான கணக்கு என்று தோன்றியது. துணியைப் பாதியாக மடித்து நடுவில் சாக்கட்டியால் கோடு போடுவது என் அன்றாட வேலை. இருந்தும் அங்கே நிற்க முடியவில்லை. அவள் இறங்கியதும் கூப்பிடுங்கள் மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டு, மணலில் நடந்து டீக் கொட்டகைக்கு வந்துவிட்டேன். முந்நூறு அடி தூரம் இருக்கும்.

பலகைக்காரம்மா டீ கொடுத்தார். ஏறுவது மகளா என்று கேட்டார். ஆமாம் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. தூரத்தில் பார்க்கும்போது பயம் குறைந்திருந்தது. அவள் சிவப்புச் சட்டை பாறையில் தைத்த பொத்தான் அளவுக்குத்தான் தெரிந்தது. டீயை ஊதி ஒரு வாய் குடித்தேன். அந்தக் கறுப்புக் குறி நல்ல யோசனை என்று நினைத்துக்கொண்டேன். துணியிலும் அப்படித்தான், நடுக்கோடு போட்டுவிட்டால் பிறகு அளக்கவே வேண்டாம், ஒரு பக்கத்தைக் கத்தரிக்காமல் இருக்கும்வரை.

டீ கையிலேயே நின்றது.

ஒரு பக்கத்தைக் கத்தரித்தவன் நான். அறுபதில் பன்னிரண்டு போனால் நாற்பத்தெட்டு. ஏற இருபத்தெட்டு. மிச்சம் இருபது. இறங்க வேண்டியது இருபத்தெட்டு. குறி பழைய இடத்திலேயே இருக்கிறது, கயிறு இல்லை. எட்டு மீட்டர் உயரத்தில் அவள் வரும்போது கயிற்றின் நுனி மாப்பிள்ளையின் கைவழியாக உருவிக்கொண்டு போய்விடும். அவளுக்கு நேர் கீழே மணல்கூட இல்லை, கல்.

நிமிர்ந்து பார்த்தேன். சிவப்புப் பொத்தான் உச்சியில் இருந்தது. அவள் என்னைப் பார்த்துக் கையாட்டினாள். பிறகு இறங்கத் தொடங்கினாள்.

டம்ளர் எங்கே விழுந்தது என்று தெரியாது. ஓடினேன். ஐம்பத்தெட்டு வயது, உட்கார்ந்தே தேய்ந்த முட்டி, காலை இழுக்கிற மணல். "நிறுத்துங்க" என்று கத்தினேன். அலைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பலகைக்காரர்களில் யாரோ இருவர் நான் விளையாட்டுக்கு ஓடுகிறேன் என்று நினைத்துக் கைதட்டினார்கள். செருப்பு கழன்றது. அவள் ஒவ்வொரு போல்ட்டிலும் நின்று, மாட்டிய கொக்கியைக் கழற்றிக்கொண்டு, மறுபடி இறங்கினாள். அவள் நிற்கிற ஒவ்வொரு முறையும் நான் கடவுளைக் கூப்பிட்டேன். இன்னும் நாலு போல்ட். மூன்று போல்ட். எனக்கும் அவருக்கும் நடுவில் இன்னும் பாதி மணல் கிடந்தது.

மாப்பிள்ளை திரும்பவே இல்லை. கயிறு பிடிக்கிறவர் கண்ணை மேலிருந்து எடுக்கக்கூடாது என்பது விதி. அவர் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தார். அண்ணாந்தபடி, சிரித்த முகமாக, ஒரு கையால் கயிற்றைச் சீராக விட்டுக்கொண்டிருந்தார். அவர் காலடியில் விரித்த பாயில் கயிறு சுருள் சுருளாக எழுந்து எழுந்து போய்க்கொண்டிருந்தது. அதைக் குனிந்து பார்க்க அங்கே ஆள் இல்லை.

நான் பாயை அடைந்தபோது நாலைந்து சுருள் மிச்சம் இருந்தது. பேச மூச்சு இல்லை. அப்படியே குப்புற விழுந்து, ஓடுகிற கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தேன். அது என்னையும் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போய், உள்ளங்கையைத் தீய்த்துவிட்டு, நின்றது. மேலே அவள் ஒரு குலுக்கலோடு நின்றாள்.

மாப்பிள்ளை அதிர்ந்து திரும்பினார். கிழவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்.

"விடுங்க மாமா. அவ தொங்கறா. விடுங்க."

தலையைத் தலையை ஆட்டினேன். விட்டால்தானே. அவர் தன் வலது கையால் கயிற்றை இறுக்கிக்கொண்டு, இடது கையால் என் விரல்களைப் பிரிக்கப் பார்த்தார். அந்த ஒரு நிமிடம் என் வாழ்நாளில் நான் பட்ட பயத்துக்கெல்லாம் மேலானது. நான் விட்டால் அவள் விழுவாள். விடாததற்குக் காரணம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"கயிறு... இல்ல" என்று ஒருவழியாக வந்தது.

அவர் குனிந்து பார்த்தார். என் முஷ்டிக்குப் பின்னால் இரண்டு முழம் நீலக் கயிறு, அதன் நுனி, அதற்குப் பிறகு வெறும் பாய். அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அந்த நுனியைச் சுருட்டிப் பெரிய முடிச்சாகப் போட்டு இறுக்கினார். அதன்பிறகுதான் மூச்சு விட்டார்.

"என்னாச்சு?" மேலேயிருந்து மகளின் குரல்.

"கயிறு பத்தல. எட்டு மீட்டர் கொறையுது. நான் பிடிச்சிருக்கேன், முடிச்சு போட்டுட்டேன். பயப்படாத." அவர் குரல் கடையில் யாருக்கோ பிரேம் காட்டுவதுபோல அமைதியாக இருந்தது. பேசும்போதே கயிற்றைத் தன் முஷ்டியில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டார். அது அவளுக்குத் தெரியாது.

பாறை முன்னால் சாய்ந்திருந்ததால் அவள் எதையும் தொடாமல் அந்தரத்தில் தொங்கினாள், மெல்லச் சுழன்றபடி. எங்கள் பின்னால் ஒரு அலை வந்து பாயின் ஓரத்தை நனைத்துவிட்டுப் போனது. கடல் ஏறத் தொடங்கிவிட்டது.

செய்ய வேண்டியதை இருவரும் பேசி முடிவு செய்தார்கள். அவள் கயிற்றைப் பிடித்து இழுத்துப் பாறை பக்கம் போக வேண்டும். அங்கே ஒரு போல்ட்டில் தன் இடுப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். பிறகு தன்னைக் கட்டியிருக்கும் கயிற்றை அவிழ்த்து, உச்சியிலிருந்து உருவி, அந்த போல்ட்டில் மாட்டும் கொக்கி வழியாகவே கோத்து, மறுபடி கட்டிக்கொள்ள வேண்டும். அதுவரை அவள் உயிர் கடல் காற்றில் அரித்துப்போன ஒற்றை இரும்பில்.

அவள் ஒரு போல்ட்டை எட்டினாள்.

"அது வேணாம்" என்றார் மாப்பிள்ளை. "துரு தெரியுது. அதுக்கு இடது பக்கம், புதுசு ஒண்ணு. எட்டுமா?"

எட்டவில்லை. மறுபடி ஊசலாடி, மறுபடி கை நீட்டினாள். மூன்றாவது தடவை எட்டியது. கொக்கி மாட்டுகிற சத்தம், அவ்வளவு அலைச் சத்தத்துக்கு நடுவிலும் எனக்குக் கேட்டது. அவள் கையால் இழுத்துப் பார்த்தாள், பிறகு முழு எடையையும் அதில் போட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் இடுப்பில் இருந்த முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் ரிப்பன் முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் என்னிடம் வந்து நின்ற விரல்கள். நான் என் கையில் இருந்த கயிற்றை விடவில்லை. அதில் இப்போது அவள் எடை இல்லை, விடுங்கள் மாமா என்று மாப்பிள்ளை சொன்ன பிறகும் விரல் பிரியவில்லை. அவர்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார், இந்த முறை மெதுவாக.

இருபது நிமிடம் ஆனது. அவள் தரையைத் தொட்டபோது எங்கள் கணுக்கால் வரை தண்ணீர். நான் அவள் தோளைத் தொட்டேன், கன்னத்தைத் தொட்டேன், மறுபடி தோளைத் தொட்டேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவள் அழவில்லை. அதுவரை கல் மாதிரி இருந்தவள், கால் ஊன்றிய பிறகுதான் நடுங்கினாள். நடுக்கத்தோடு கோபமும் வந்தது.

"கடைசி முடிச்சு ஏன் போடல?" என்று புருஷனிடம் கேட்டாள்.

"என் தப்பு" என்றார் அவர். கயிறு எப்படிக் குறைந்தது என்று தெரியவில்லை என்று மெல்லச் சொல்லிவிட்டு, அது காரணமில்லை, முடிச்சுப் போட்டிருக்க வேண்டும் என்று தானே திருத்திக்கொண்டார். அவள் கேட்கவில்லை. இரண்டு வருடம் நான் மனதுக்குள் சொன்னதையெல்லாம் அவள் வாய்விட்டுச் சொன்னாள். குழாய், டயர், எல்லாம் வந்தது. அவர் ஈரப் பாயைச் சுருட்டிக்கொண்டே எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் அவள் சொன்னாள்: "இனிமே உன் கையில நான் தொங்க மாட்டேன்."

அவர் தலையாட்டுவதை நிறுத்தினார். பாயைச் சுருட்டிய கை அப்படியே நின்றது.

நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். வாய் திறந்தேன், மூடிக்கொண்டேன். பிள்ளை நடுங்குகிறாள், முதலில் கரை சேரட்டும், அப்புறம் சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். உண்மை அதுவல்ல. அவள் அப்படிக் கோபமாகப் பார்ப்பது அவரை. அந்தப் பார்வை என் பக்கம் திரும்புவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நாலு மணிக்குப் படகு வந்தது. மகள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை எதிர்ப்பக்கம், பலகைகளுக்கு நடுவில், மடியில் கயிற்றுப் பையோடு ஒதுங்கி உட்கார்ந்தார். விஷயம் அதற்குள் பரவியிருந்தது. அய்யா ஓடின ஓட்டத்தை நான் பார்த்தேன், பெற்றவனுக்குத்தான் அந்த ஓட்டம் வரும் என்று பலகைக்காரம்மா எல்லோருக்கும் சொன்னார். கைதட்டிய பையன்களில் ஒருவன் மன்னிப்புக் கேட்டான். யாரோ என் உள்ளங்கைக்கு மருந்து தடவினார்கள். ஒவ்வொருவர் பேசும்போதும் நான் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்தேன். அடக்கமான மனிதர் என்று நினைத்திருப்பார்கள்.

மகள் என் தோளில் தலை சாய்த்துக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சாய்ந்ததே இல்லை. படகு அலையில் ஏறி விழுந்தது. எனக்கு அந்தப் பயம்கூட உறைக்கவில்லை.

"நீங்க வரலன்னா நான் இல்லப்பா" என்றாள். பிறகு, கொஞ்ச நேரம் கழித்து, "ஆமா, கயிறு பத்தாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? அவ்வளவு தூரத்துல இருந்தீங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு முன்னால் மாப்பிள்ளை பதில் சொன்னார். "மாமாவுக்கு அளவு கண்ணுலயே இருக்கு. எத்தன வருஷ வேல. கயிறு கொறையறத அங்கேருந்தே பாத்திருப்பாரு." என்னைத் தூக்கி வைத்துத்தான் சொன்னார். தன்னைக் குறைத்துக்கொண்டுதான் சொன்னார். படகில் எல்லோரும் இருக்கும் இருக்கும் என்று தலையாட்டினார்கள்.

அளவெடுத்துத் தைத்தது மாதிரி ஒரு பொய். நான் ஒன்றும் சொல்ல வேண்டாம், சும்மா இருந்தால் போதும். அவள் தலை என் தோளிலேயே இருக்கும். இனி எங்கே போனாலும் என்னிடம் கேட்டுக்கொண்டு போவாள். அந்த மனிதரைப் பற்றி நான் நினைத்ததுதான் சரி என்று ஊரே சொல்லும். அவரைப் பார்த்தேன். ஆடாமல் அவளைத் தாங்கிப் பிடித்த கைகள் இரண்டும் பையின் மேல் மல்லாந்து கிடந்தன. அவர் அவளைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்தார். இதற்கு மேல் சும்மா இருந்தால் நான் மனிதனே இல்லை என்று தோன்றியது. அப்படித் தோன்றிய பிறகும் வாய் வர நேரமாயிற்று. அவ்வளவு பயம்.

"கயித்த வெட்டினது நான்மா" என்றேன். "வீடு மாத்தின அன்னிக்கு. பீரோ கட்ட."

தோளில் இருந்த தலை அசையவில்லை.

"எவ்வளவு?"

"பன்னெண்டு மீட்டர்."

"முடிச்சு போடாதது நான்தான் மாமா" என்றார் மாப்பிள்ளை அவசரமாக. "போட்டிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது."

அவள் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள். நான் பயந்த பார்வை அதில் இல்லை. கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அவன நான் அவ்வளவு பேசினேன். நீங்க பக்கத்துலயே நின்னீங்க" என்றாள். குரல் உயரவே இல்லை.

பிறகு எழுந்தாள். படகு ஒரு அலையில் ஏறிச் சாய்ந்தது. விழுந்துவிடுவாளோ என்று, மருந்து பூசிய கையை நீட்டினேன். அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக அந்தப் பக்கம் போய், அவர் மடியில் இருந்த பையைத் தள்ளி வைத்துவிட்டு, ஒட்டி உட்கார்ந்தாள். கரை வரும்வரை அந்தக் கையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.